ஹுமாயூன் கல்லறைக்கு முதல்முறை போகிறீர்களா? டிக்கெட் முதல் குவிமாடம் வரை, படிப்படியாக

போன குளிர்காலத்தில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு டெல்லி போயிருந்தேன். ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கிய கையோடு, இரண்டு பெட்டி, ஒரு சாப்பாட்டுப் பை, தூக்கக் கலக்கம் எல்லாவற்றோடும் நேராக முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் கல்லறைக்குப் போய் நின்றோம். பெட்டிகளை வைக்க இடமில்லை, அதனால் ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே காவல் இருந்தோம், கல்லறை நிற்கும் உயரமான மேடையின் படியை அம்மாவால் ஏற முடியவில்லை, நான் எடுத்த படங்களில் கட்டடம் முழுக்க நிழலாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். மறுநாள் மதியம் கைவீசிக்கொண்டு மறுபடி போனோம். மூன்றரை மணி நேரம் இருந்தோம், அப்பா தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலிருந்து எழுந்திருக்கவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் இருந்த வித்தியாசம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். அவற்றைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். வரலாறு எல்லா இடத்திலும் கிடைக்கும், அதை இங்கே அதிகம் தொடவில்லை.

1. முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும், சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை. தாஜ் மஹாலுக்கு உள்ள வெள்ளிக்கிழமை விடுமுறை இங்கே இல்லை, அதனால் ஆக்ரா பயணத்தோடு சேர்த்துத் திட்டமிடுபவர்கள் வெள்ளிக்கிழமையை டெல்லிக்கு ஒதுக்கிவிடலாம்.

எந்த நேரம் என்பதில்தான் நான் ஏமாந்தேன். இப்போது எல்லோரும் உள்ளே போவது மேற்கு வாசல் வழியாக. அப்படியென்றால் நீங்கள் முதலில் பார்ப்பது கட்டடத்தின் மேற்கு முகம். காலையில் சூரியன் அதற்குப் பின்னால் இருக்கும், முன்பக்கம் இருட்டாகத் தெரியும், செங்கல்லா கல்லா என்றே புரியாது. மதியத்துக்கு மேல் அதே முகத்தில் வெயில் நேராக விழும்போது சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்குக் கோடுகளும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகிறீர்கள் என்றால் மதியம் இரண்டு, இரண்டரைக்குள் உள்ளே போய்விடுங்கள். டிசம்பரில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அதற்கு முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், நாலு மணிக்குப் போய் நின்றால் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

டிசம்பர் கடைசி, ஜனவரியில் காலைப் பனிமூட்டம் இருக்கிறது, எதிரே இருக்கும் குவிமாடமே தெரியாத நாட்கள் உண்டு. அந்த மாதங்களில் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். வந்து சேரும் நாளிலேயே இதை வைத்துக்கொள்ளாதீர்கள், மறுநாளுக்குத் தள்ளுங்கள். மே, ஜூனில் வேறு வழியில்லை, திறந்ததும் போய்விடுவதுதான் நல்லது, அந்த மேடையில் நிழலே கிடையாது, கல் அடுப்பு மாதிரி சுடும். அப்படிக் காலையில் போகிறவர்கள் கட்டடத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போய்ப் பாருங்கள், வெளிச்சம் அங்கேதான் இருக்கும். நாலு முகமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

2. போய்ச் சேரும் வழி

நம் ஊரிலிருந்து போகிற பல ரயில்கள் நிற்கிற கடைசி ஸ்டேஷனே ஹஸ்ரத் நிஜாமுதீன்தான்: சென்னை ராஜதானி, கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி. அங்கிருந்து கல்லறை ஒன்றரை கிலோமீட்டர் தூரம் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. கிழக்கு வாசல் சராய் காலே கான் பஸ் நிலையத்துப் பக்கம் கொண்டுபோய் விடும், அங்கிருந்து கல்லறைக்கு வர தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் பிளாட்ஃபாரம் பக்கமாக, நிஜாமுதீன் பக்கத்து வாசலில் வெளியே வாருங்கள். நாங்கள் கூட்டம் போன பக்கம் போய்த் தவறான வாசலில் நின்றோம், அதற்கே நாற்பது நிமிடம் போனது.

ஆட்டோ பேரம் பேசும் தெம்பு இல்லையென்றால் செயலியில் கூப்பிடுங்கள். நான் போனபோது டெல்லியில் மீட்டர் கட்டணம் முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய். எங்களிடம் ஒருவர் 200 ரூபாய் கேட்டார், பெட்டி இருக்கிறதே என்று கொடுத்துவிட்டோம். மறுநாள் அதே மாதிரி தூரத்துக்கு 50 ரூபாய்க்குள் முடிந்தது.

மெட்ரோவில் வருபவர்களுக்கு ஊதா வழித்தடத்தில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் ஸ்டேஷன், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவில் ஆட்டோ. வெயிலில் நடக்க வேண்டாம்.

ஓட்டுநரிடம் "ஹுமாயூன் கா மக்பரா" என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள். வெறும் "ஹுமாயூன்" என்றால் கான் மார்க்கெட் பக்கத்தில் ஹுமாயூன் ரோடு என்றே ஒரு சாலை இருக்கிறது. வெறும் "மக்பரா" என்றால் சப்தர்ஜங் கல்லறைக்கும் அதே சொல்தான். பக்கத்திலேயே இருக்கும் சுந்தர் நர்சரி என்ற பூங்காவுக்கு வாசலும் டிக்கெட்டும் வேறு, வரைபடத்தில் அதைக் குத்திவிட்டு அங்கே போய் இறங்குகிறவர்களும் உண்டு.

3. பெட்டியைத் தொலைத்துக் கட்டுங்கள்

பெரிய பெட்டியோடு உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். வாசலில் பையைச் சோதித்துத்தான் விடுவார்கள். விடுதியில் வைத்துவிட்டு வருவது நல்லது, அறை தயாராகவில்லை என்றாலும் பெரும்பாலான விடுதிகளில் வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

அறை எடுக்காமல் இரவு ரயிலில் திரும்புகிறவர்கள் ஸ்டேஷன் கிளோக் ரூமில் வைக்கலாம். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: ரயில் டிக்கெட், ஒவ்வொரு பைக்கும் பூட்டு. பூட்டாத பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இது ரயில்வேயின் பொது விதி. ஜிப் இருந்தால் போதாது. ஊரிலிருந்து கிளம்பும்போதே சின்னப் பூட்டு இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் பையைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

உள்ளே கொண்டுபோக வேண்டியவை: தண்ணீர் பாட்டில், தொப்பி, அடையாள அட்டை, போன். புளியோதரைப் பொட்டலத்தை வெளியிலேயே முடித்துவிடுங்கள், நினைவுச்சின்னத்தின் உள்ளே சாப்பாடு கிடையாது.

4. டிக்கெட்டும் ஆவணங்களும்

இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம் இது. நான் போனபோது இருந்த கட்டணம் இப்படி:

இந்தியர்களுக்குக் கவுன்டரில் ரொக்கமாக 40 ரூபாய், ஆன்லைனில் 35. வெளிநாட்டவருக்கு 600, ஆன்லைனில் 550. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, எந்த நாட்டவரானாலும், டிக்கெட் வேண்டாம், பதினான்கு வயதில் உயரமாக வளர்ந்த பிள்ளை இருந்தால் மட்டும் வயதுக்கு ஏதாவது சான்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைத் தமிழர்கள் இதைக் கவனியுங்கள். சார்க் (தெற்காசிய நாடுகள்), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா நாடுகள்) கூட்டமைப்புகளின் குடிமக்களுக்கும் இந்தியருக்கான கட்டணமேதான், 600 இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அசல் பாஸ்போர்ட். அதை விடுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் வாயால் சொல்லிப் பயனில்லை. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் இந்த இரண்டு கூட்டமைப்பிலும் இல்லை, அங்கிருந்து வருபவர்கள் வெளிநாட்டவர் கட்டணம்தான் தர வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு, எந்த நாட்டுக் குடியுரிமை என்றாலும், இந்தியர் கட்டணம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இதில் மட்டும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது, அதனால் அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள்.

ஆன்லைனில் எடுக்கும்போது அடையாள அட்டை எண் கேட்கும். எந்த அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அதையே கொண்டு போங்கள். எடுத்த டிக்கெட்டை ரத்து செய்து பணம் வாங்க முடியாது, ஆகவே ரயில் தாமதமாகும் மாதங்களில் முன்கூட்டியே எடுத்து வைக்காமல், கிளம்பும் நேரத்தில் எடுங்கள். டிக்கெட் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வாசலில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

"லைன் பெருசா இருக்கு, நான் சீக்கிரம் உள்ளே விடுறேன்" என்று வாசலுக்கு வெளியே யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை உரிம அட்டை கழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், மொத்தக் குடும்பத்துக்குமா என்று மூன்றையும் நடக்கத் தொடங்கும் முன் பேசிவிடுங்கள்.

போனில், கேமராவில் படம் எடுக்கப் பணம் இல்லை. வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய். டிரைபாடுக்கு முன்னனுமதி வேண்டும், டிரோன் கூடவே கூடாது.

5. உள்ளே போனதும் நேராகப் போகாதீர்கள்

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இது. டிக்கெட் சோதனை தாண்டியதும் வலப்பக்கம் ஒரு சின்ன வாசல் வரும், ஈசா கான் என்ற பிரபுவின் கல்லறைக்குப் போகிற வழி. இதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், திரும்பும்போது கால் வலிக்கும், வெளிச்சம் போயிருக்கும். முதலில் இதைப் பாருங்கள். தனி டிக்கெட் கிடையாது.

1547இல் கட்டியது, பெரிய கல்லறையைவிட ஏறக்குறைய இருபது வருடம் மூத்தது. எட்டுப் பட்டை வடிவம், சுற்றிலும் தாழ்வாரம், ஒவ்வொரு பட்டையிலும் மூன்று வளைவு. தோட்டம் சுற்றுத் தரையைவிடத் தாழ்வாக இருக்கும். குவிமாடத்தை உற்றுப் பாருங்கள்: அகலமாக, கழுத்தே இல்லாமல், தோளில் தலையை வைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கும். சுவரில் அங்கங்கே நீல ஓடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குவிமாடத்தை மனதில் வைத்துக்கொண்டு பெரிய கல்லறைக்குப் போனால், அங்கே குவிமாடம் ஏன் அப்படி மேலே தூக்கி நிற்கிறது என்பது சொல்லாமலே புரியும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

6. மேற்கு வாசலும் தோட்டமும்

இன்னும் இரண்டு வாசல் தாண்டினால் மேற்கு வாசல். முகலாயர் காலத்தில் முதன்மை வாசல் தெற்கில் இருந்தது, அது இப்போது மூடியிருக்கிறது. மேற்கு வாசலின் இருட்டுக்குள் நின்றால் எதிரே வளைவுக்குள் கட்டடம் முழுவதும் அடங்கி நிற்கும். எல்லோரும் அங்கேதான் படம் எடுப்பார்கள், பொறுமையாக இருங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் வழி கிடைக்கும்.

அதன்பின் வருகிற தோட்டத்தை வெறும் புல்வெளி என்று தாண்டிப் போகாதீர்கள். சார்பாக் என்பார்கள், நான்கு பாகத் தோட்டம். பாதைகளும் வாய்க்கால்களும் தோட்டத்தை நான்காக வெட்டுகின்றன, அந்த ஒவ்வொரு பாகமும் ஒன்பது கட்டமாகப் பிரிகிறது. மொத்தம் 36 கட்டம், நடுவில் நான்கை எடுத்துக்கொண்டு கல்லறை நிற்கிறது.

வாய்க்கால் பக்கத்தில் குனிந்து பாருங்கள். ஒரு தாண்டு தாண்டினால் கடந்துவிடலாம், அவ்வளவு குறுகல், ஆழமும் இல்லை. தண்ணீர் போகிறதா நிற்கிறதா என்றே சட்டெனத் தெரியாது. அம்மா கையிலிருந்த ஒரு காய்ந்த இலையைப் போட்டாள், அது மெள்ள, எங்கள் நடைக்கும் பின்தங்கி, கட்டடத்தை விட்டு விலகிப் போனது. 40 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் சரிவு. ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை தொல்லியல் துறையோடு சேர்ந்து 1997 முதல் 2003 வரை இந்தத் தோட்டத்தைப் புதுப்பித்தபோது வாய்க்கால் தளத்தை அந்த அளவுக்குத் துல்லியமாகத் திரும்பப் போட்டார்கள். படி ஏற முடியாதவர்களுக்கு இந்த வாய்க்கால் ஓரம்தான் நல்ல இடம், அவர்களைத் தனியே விட்டுப் போகிறோமே என்ற வருத்தம் வேண்டாம்.

7. மேடை ஏறுதல்: முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் படிக்க வேண்டியது

கல்லறை நிற்பது ஒரு பெரிய கல்மேடை மேல். மேடையின் ஒவ்வொரு பக்கமும் 17 வளைவுகள், நடு வளைவுக்குள் படிக்கட்டு. தூரத்திலிருந்து சின்னதாகத் தெரியும், உள்ளே போனால் செங்குத்து, ஒவ்வொரு படியும் நம் வீட்டுப் படியைவிட உயரம், இருட்டு வேறு. வேறு பக்கம் எளிதாக இருக்குமோ என்று சுற்றி வர வேண்டாம், எல்லாப் பக்கமும் இப்படித்தான். ஏறுவதைவிட இறங்குவது கடினம், வயதானவர்களுக்கு முன்னால் ஒருவர் இறங்குங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் நின்று ஏறினால் போதும்.

மேலே போனதும் குழந்தைகளை ஓரத்துக்கு விடாதீர்கள். திறந்த மேடையிலும் கல்லறைகள் இருக்கின்றன, தாழ்வான பளிங்குப் பலகை மாதிரி. தெரியாமல் அதில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சமாதிகள், பெரும்பாலும் பெயர் இல்லாதவை.

8. உள்ளறை: அவசரப்படக்கூடாத இடம்

மேற்குப் படியில் ஏறியிருந்தால் வலது கைப் பக்கம் திரும்பித் தெற்கு முகத்துக்குப் போங்கள், உள்ளே போகும் வழி அங்கேதான்.

நடுக்கூடம் எட்டுப் பட்டை. நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பளிங்குச் சமாதி, அதிக அலங்காரம் கிடையாது. உண்மையான புதைகுழி இதற்கு நேர் கீழே, தரைமட்டத்தில், அங்கே பார்வையாளர்களை விடுவதில்லை, காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம்.

இப்போது இடது கைப் பக்கம், மேற்குச் சுவரைப் பாருங்கள். தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபை வழக்கமாகச் சுவரில் மாடம் போலக் குடைந்திருப்பார்கள். இங்கே சுவரே இல்லை, பளிங்குச் சல்லடைதான் இருக்கிறது, அந்தச் சல்லடைக்குள்ளேயே மிஹ்ராபின் வடிவத்தை வரைந்து திறந்துவிட்டிருக்கிறார்கள். மாலை வெயில் அதன் வழியாக உள்ளே வருகிறது. நாங்கள் போனபோது மூன்றரை மணி இருக்கும், நட்சத்திரமும் அறுகோணமுமாக வெளிச்சம் தரையில் நீண்டு கிடந்தது, அப்பா செருப்புக் காலை அதன்மேல் வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார். மதியத்துக்கு மேல் போங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வெளிமுகம் பாதி, இது பாதி.

நடுக்கூடத்தைச் சுற்றி எட்டு அறைகள். ஹஷ்த் பிஹிஷ்த், எட்டுச் சொர்க்கம் என்று பாரசீகத்தில் இந்த அமைப்புக்குப் பெயர். கட்டடக் கலைஞர் மீராக் மிர்சா கியாஸ் அந்த மரபிலிருந்து வந்தவர். மூலை அறைகளுக்கும் போய்ப் பாருங்கள், அங்கேயும் சமாதிகள் உண்டு, கூட்டம் இராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். உள்ளே நின்று மேலே பார்த்து உட்கூரையின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். வெளியே வந்து, மேடையின் ஓரம்வரை பின்னால் போய் (பார்த்து!) குவிமாடத்தைப் பாருங்கள். இரண்டும் பொருந்தாது. ஏனென்றால் இது இரட்டைக் குவிமாடம், ஒன்றுக்குள் ஒன்று, நடுவே வெற்றிடம். உள்ளே நிற்கிறவருக்குக் கூரை எட்டாத உயரத்துக்குப் போய்விடக் கூடாது, வெளியே தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கட்டடம் குட்டையாகவும் தெரியக் கூடாது, இரண்டுக்கும் தனித்தனிக் கூரை போட்டுவிட்டார்கள். ஈசா கான் கல்லறையின் கழுத்தில்லாக் குவிமாடத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். இங்கே உயரம் தரையிலிருந்து 40 மீட்டரைத் தாண்டுகிறது. அந்தக் கூரை மேல் இருபதாம் நூற்றாண்டில் போட்டிருந்த பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டைப் பிறகு ஆட்களே கையால் உடைத்து இறக்கினார்கள்.

9. நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால்

மேடையிலிருந்து இறங்கித் தோட்டத்தின் தென்கிழக்குப் பக்கம் போனால் நாவிதர் கல்லறை என்று சொல்லப்படும் சிறிய கட்டடம். கிழக்கு மதிலுக்கு அப்பால் நீலக் குவிமாடம் ஒன்று தெரியும், அது நீலா கும்பத்.

வளாகத்துக்கு வெளியே, சுந்தர் நர்சரிக்கும் இதற்கும் நடுவில், தரைக்கு அடியில் அருங்காட்சியகம் கட்டி 2024 ஜூலையில் திறந்தார்கள். அதற்குத் தனி டிக்கெட். 2014 மே மாதப் புயலில் குவிமாடத்தின் உச்சியிலிருந்து விழுந்த பழைய கலசம் அங்கே இருக்கிறது, தரையில் நின்று பார்க்கும்போது பொம்மை மாதிரி தெரிந்த கலசம் பக்கத்தில் மூன்று ஆள் உயரம். இதற்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும், கல்லறைக்கு மதியம் போவதானால் இதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கும் ஒதுக்கமாக இருக்கும்.

நிஜாமுதீன் தர்காவும் சாலைக்கு அந்தப் பக்கம்தான். தலையை மூடத் துணி வேண்டும், செருப்பு வெளியே. போகும் சந்தில் வெகு முன்னாலேயே "செருப்பை இங்கே விடுங்க" என்று கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள், அங்கே விட்டால் பூத்தட்டும் வாங்க வேண்டிவரும். தர்கா வாசல்வரை போட்டுக்கொண்டே போகலாம்.

இன்னொரு தோட்டக் கல்லறை பார்க்க ஆசையிருந்தால் சப்தர்ஜங், 1754இல் கட்டியது, இந்தியருக்கு 25 ரூபாய். இரண்டையும் ஒரே நாளில் போட்டு அடைக்காதீர்கள்.

10. மொத்தக் கணக்கு

பெரியவர்கள் மூன்று பேருக்கு எங்களுக்கு மறுநாள் ஆன செலவு: ஆன்லைன் டிக்கெட் 105 ரூபாய், போக வர ஆட்டோ 100க்குள், தண்ணீர், டீ. முதல் நாள் இதைவிட இரண்டு மடங்கு செலவழித்து ஒன்றும் பார்க்கவில்லை. நேரக் கணக்கு: ஈசா கான் அரை மணி, வாசலும் தோட்டமும் முக்கால் மணி, மேடையும் உள்ளறையும் ஒரு மணி, மிச்சம் உட்கார்ந்திருக்க. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறைத்துத் திட்டமிடாதீர்கள்.

மார்ச் 8 மகளிர் தினத்தன்றும் ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்தன்றும் இலவசமாக விடுவதுண்டு. 35 ரூபாயை மிச்சப்படுத்த அந்தக் கூட்டத்தில் போய் மாட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கழிப்பறையை நுழைவுப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், மேடைக்குப் போனபின் திரும்பி வர வெகு தூரம்.

சூரியன் இறங்கியதும் காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே வருவார்கள். அப்போது ஓடாமல், மேற்கு வாசலை நோக்கி நடுப் பாதையிலேயே நடந்து, பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சிவப்புக் கல் முழுக்க மங்கிய பிறகும் பளிங்குக் குவிமாடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சம் நிற்கும்.